கொத்தமல்லி தூவியவரே சமைத்தவர்

சமைக்கிறவர்கள் உண்டு, சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: கடைசிக் கைக்காரர்கள். அடுப்புப் பற்றவைக்கும்போது தேடினால் கிடைக்க மாட்டார்கள். வெங்காயம் உரிக்கும்போது ஊரிலேயே இருக்க மாட்டார்கள். குழம்பு கொதித்து, வாசனை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போன பிறகு அவசரமாக வந்து நின்று, நாலு கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, "இப்பதான் உசுரு வந்துச்சு" என்பார்கள். அதுவரை சட்டியில் கிடந்தது என்ன, பிணமா?

ஆம்பூர் சமீருல்லா இந்த இனத்துக்குத் தலைவராகத் தகுதியுள்ளவர். தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, டிரம்மில் உருட்டிப் பதப்படுத்துகிறவர்கள் எல்லாம் கீழே ஈரத்தில் நிற்க, மாடியில் கடைசியாக மெருகேற்றும் இவர் மேஜைக்கு வந்துதான் வெளிநாட்டு வியாபாரி தோலைத் தடவிப் பார்த்து "ஆஹா" என்பான். அந்த ஆஹாவிலிருந்து ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கீழே யார் பாடுபட்டாலும், பெயர் மேல்பூச்சுக்குத்தான்.

அவர் மனைவி அம்பரீன் தால்சா வைப்பதில் கெட்டிக்காரி. கடலைப்பருப்பு கரையவும் வேண்டும், கூழாகவும் கூடாது. எலும்புக்கறி மெத்தென்று வேக வேண்டும், சுரைக்காய் உருத்தெரிய நிற்க வேண்டும். காலை முழுவதும் வியர்வையோடு அவள் இதையெல்லாம் முடித்து நிமிரும்போது குரல் கேட்கும்.

"தள்ளு, ஃபினிஷிங் பண்ணிடுறேன்."

எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும், இல்லையென்றால் கசக்கும். புதினாவைக் கத்தி படாமல் கையால் கிள்ள வேண்டும். நெய்யில் பொரித்த வெங்காயம் பரிமாறும்போதுதான் விழ வேண்டும், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும். சொல்வதெல்லாம் உண்மை. அதுதான் எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் அம்பரீன் என்றைக்கோ கரண்டியைத் தூக்கியிருப்பாள்.

தொழிற்சாலையில் டப்பாவைத் திறந்ததும் மேனேஜர் தானியேல் முதல் ஆளாகத் தட்டை நீட்டுவார். "நம்ம கைப்பக்குவம் சார்" என்பார் சமீருல்லா. வெறுமனே புளுகினால் எடுப்பாக இருக்காதே என்று, அதன்மேலும் கொஞ்சம் தூவி வைத்திருந்தார்.

தானியேல் ஓய்வு பெறும் நாள் வந்தது.

"சமீர், இந்த வாட்டி டப்பா வேணாம்பா. எங்க வீட்டு மாடியில அடுப்பு வைக்கிறேன். செக்‌ஷனே வருது. எங்க கண்ணெதிர்ல நீ தால்சா செய்யணும்."

தெரியாது என்று சொன்னால் இத்தனை வருஷப் பெயர் என்னாவது? சமீருல்லா தலையாட்டிவிட்டார். பக்கத்தில்தான் அம்பரீன் இருப்பாளே, சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

மாடியில் கூட்டம். கொத்தமல்லி, புதினா, எலுமிச்சை, நெய், பொரித்த வெங்காயம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு அவர் கம்பீரமாக நின்றார். அம்பரீன் நைசாக வந்து கரண்டியைத் தொட்டாள்.

"அம்மா, நீங்க உக்காருங்க" என்றார் தானியேல். "உங்க கை பட்டா உப்பு ஜாஸ்தியாய்டும்னு சமீர் சொல்லியிருக்காரு."

அம்பரீன் புருஷனைப் பார்த்தாள். அவருக்கு அப்போது வானத்தில் ஏதோ அவசர வேலை இருந்தது. அவள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிறு எரிந்தது. அடுப்பு எரியும்போது சாய்ந்து உட்காருவது சுகமாகவும் இருந்தது.

எண்ணெய் காய்ந்தது. முதலில் பட்டையா, வெங்காயமா, கறியா? இருபது வகையாக முடிக்கத் தெரிந்தவருக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. எண்ணெய் புகைய ஆரம்பித்தது. எல்லோரும் பார்க்கிறார்கள். கை பழக்கதோஷத்தில் கொத்தமல்லியை அள்ளிச் சட்டியில் போட்டது. படபடவென்று வெடித்துக் கருகியது.

"அம்பரீன்... மொதல்ல இன்னா போடணும்?"

அம்பரீன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மொதல்ல உண்மைய போடுங்க. அப்புறம் பட்டை, லவங்கம்."

சமீருல்லா அடுப்பை அணைத்தார். "சார், தால்சா எப்பவும் இவ செய்யுறதுதான். உப்பு சங்கதியும் நான் சும்மா சொன்னது."

அம்பரீன் எழுந்தாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, கருகிய சட்டியைக் கழுவி, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள். தால்சா இறங்கியபோது மாடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டை எடுத்தார்கள்.

தானியேல் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, உங்ககிட்ட சொல்ல வேண்டியத இத்தினி வருஷமா இவருகிட்ட சொல்லிட்டிருந்தேன். மன்னிச்சுக்குங்க."

அம்பரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மானமுள்ள எவனும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். சமீருல்லாவும் மூடிக்கொண்டுதான் இருந்தார், தானியேல் இரண்டாவது வாய் எடுக்கும் வரைக்கும்.

"தழை மட்டும் நான் போட்டது சார்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர் எழுதிய கணக்கில் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை, மருமகள் வைத்த ரசத்தில் மிளகுத்தூள் தூவிவிட்டு விருந்தாளியிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை. ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு, உங்கள் விரல் நுனியைக் கொஞ்சம் மூக்கருகே கொண்டு போங்கள். கொத்தமல்லி மணக்கிறதா? வெங்காயமும் மணக்கிறதா?