இரண்டாம் தரம் கூப்பிட்டது ஆர்?

பேய்க்கதை சொல்லுகிற ஆளுக்கு ஒரு தகுதி வேணும். அந்த ஆள் பயப்படக் கூடாது. எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் மூன்றாம் மாடியில் நான் தனியே இருக்கிறேன். கீழ்மாடியில் சுதா குடும்பம். பள்ளிக்கூட விடுமுறையில் சுதா வேலைக்குப் போனால் மகள் அபியும் சின்னவன் கவினும் என்னிடம் வருவார்கள். (என்னை அன்ரி என்றுதான் கூப்பிட வேணும். அம்மம்மா என்றால் திரும்பியும் பார்க்க மாட்டேன்.) அதுகள் வராவிட்டால் அன்று முழுக்க எனக்குப் பேச்சுத்துணை தேத்தண்ணி கொதிக்கிற கேத்தில் ஒன்றுதான். சுதாவுக்கோ, இந்த வயசில் எனக்கு ஏலுமோ என்று ஒரு ஐமிச்சம்.

"அன்ரி, இண்டைக்கு ஒருக்காப் பாப்பம். ஏதும் பிரச்சினை எண்டால் நான் வேறை ஆளை ஒழுங்கு செய்யிறன்."

"பிரச்சினையோ? என்னட்டையோ? நீ பேசாமல் வேலைக்குப் போ பிள்ளை!"

அன்று விடிந்ததிலிருந்தே மழை. படம் கீறி முடிந்தது, தாயம் போட்டுச் சண்டையும் முடிந்தது. கவின் போன் கேட்டு அழத் தொடங்கினான்.

"போன் என்ன போன்! அதைவிடத் திறமான சாமான் காட்டுறன்" என்று வீறாப்பாகச் சொல்லி, ஜன்னல்களை வெளியாலே மூடுகிற ரோலோக்களை எல்லாம் இறக்கினேன். ரோலோ இறங்கினால் இந்த ஊரில் பகல் செத்துப்போகும். முகம் முழுக்கத் திருநீறு பூசி, வெள்ளைப் படுக்கைத்துணியைப் போர்த்து, நாடிக்குக் கீழே டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கினேன்.

"இருட்டுக்கை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனை ஓம் எண்டு சொல்லப்படாது. பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடும். மூண்டாந்தரமும் கூப்பிட்டால்தான் மனுசர்."

"ஓம் எண்டு சொன்னால்?" என்றாள் அபி.

"குரலைப் பிடுங்கிக்கொண்டு போயிடும்."

"தமிழ்க் குரலையோ, பள்ளிக்கூடத்து டொச் குரலையோ?" என்று கவின் கேட்டான்.

"ரெண்டையும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. வெளியே ஒரு குரல். "ஃபிராவ் நடராசா!"

ஃபிராவ் என்றால் திருமதி; இந்த நாட்டில் என் மனுசனுடைய பேர்தான் எனக்கும் பேர். அவர் போய்ச் சேர்ந்து கன வருசம். வெளிச்சத்தில் அப்படிக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. அந்த இருட்டிலே, அவரைத்தான் ஆரோ தேடி வந்து நிற்கிறது போல இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கவின் எட்டி என் வாயைப் பொத்தினான்.

"ஒண்டு" என்றான்.

காலடி ஒன்று விறுவிறு என்று தூரப் போனது. மழைச் சத்தம் மட்டும். போய்விட்டது என்று மூச்சு விட்டபோது, கதவோடு வாயை வைத்துச் சொன்னது போல, மெல்ல, "நடராசா..."

"ரெண்டு" என்றாள் அபி. அவள் குரலும் மெலிந்துவிட்டது.

மூன்றாவதுக்குக் காத்திருந்தோம். வரவேயில்லை. டோர்ச்சை நூர்த்து இருட்டாக்கினது நான். கட்டிலுக்குக் கீழே ஒளியச் சொன்னதும் நான். (முதல் ஆளாய் உள்ளே போனதும் நான்தான்.)

எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. கதவுப் பூட்டை ஆரோ குடைகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கனத்த சப்பாத்துகள் எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றன. இனி ஒளிந்து பலனில்லை என்று, "சிவ சிவா!" என்று கத்தியபடி, திருநீற்று முகமும் வெள்ளைத்துணியுமாகக் கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தேன். ஆறடித் தீயணைப்புக்காரன் ஒருவன் அலறிப் பின்னால் பாய்ந்து, எதிர்வீட்டு ஃபிராவ் மொல்லருடைய காலை மிதித்தான்.

நடந்தது இதுதான். பட்டப்பகலில் ரோலோ இறங்கிக் கிடந்தால், தனியே இருக்கிற கிழவி உள்ளே முடிந்துபோனாள் என்பது இங்கத்தைய கணக்கு. மணிக்கும் பதில் இல்லாததால் ஃபிராவ் மொல்லர் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டிருக்கிறா. என்னை உயிரோடு கண்டதும் மனுசி கட்டிப்பிடித்து அழுதா.

சுதா வேலையிலிருந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உடைந்த பூட்டைப் பார்த்தாள். இதோடு பிள்ளைகள் இல்லை, கேத்திலோடுதான் சீவியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"பயந்து போனியளோ?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"நாங்கள் இல்லை அம்மா, அன்ரிதான்" என்றான் கவின். "நாங்கள்தான் அவவைப் பாத்துக்கொண்டனாங்கள்."

சுதா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "அப்ப சரி. இனி அன்ரியைப் பாக்கிறதுக்கு உங்கள் ரெண்டு பேரையும் அனுப்பிறன்." என் மானம் போனது, பிள்ளைகள் மிஞ்சினார்கள். லாபம்தான்.

அடுத்த நாள் அபியைக் கூட்டிக்கொண்டு, ஒரு தட்டு ரோல்ஸோடு ஃபிராவ் மொல்லரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அபி மொழிபெயர்த்தாள்.

"அன்ரி, தான் ஒருக்காத்தான் கூப்பிட்டதாம். உடனை போன் எடுக்க ஓடிட்டாவாம்."

"ரெண்டு தரம் எண்டு சொல்லு."

அபி திரும்பக் கேட்டாள். மனுசி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினா. தட்டை அவவிடம் கொடுத்துவிட்டு, அபியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

இப்போது இரண்டு வீட்டிலும் இதுதான் பகிடி. கடைசி வடை காணாமல் போனாலும், பைப் திறந்து கிடந்தாலும், "ஆர் செய்தது?" என்றால் "ரெண்டாந்தரம் கூப்பிட்டவர்!" என்பார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் சிரிப்பேன். கவின் மட்டும் சிரிக்க மாட்டான்.

"அன்ரி, பேய் ரெண்டு தரம் கூப்பிடும் எண்டு சொன்னனீங்கள். அண்டைக்குக் கூப்பிட்டதிலை ஒண்டு ஃபிராவ் மொல்லர். அப்ப ரெண்டாந்தரம் கூப்பிட்டவருக்கு இன்னும் ஒண்டு மிச்சம் இருக்கு."