கடலுக்கு ஏசிய அடம்பன் நானா

கற்பிட்டியிலிருந்து கண்டக்குழி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், கடலை முகத்துக்கு நேரே ஏசிய மனிசன் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் அடம்பன் நானா. விடியக்காலையில் சுபஹு தொழுத கையோடு கரைக்குப் போவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "ராவைக்கு எவ்வளவு திண்டாய்? இன்னும் வகுறு நிறையலியா ஒனக்கு?" என்று கேட்பார். கடல் பதில் சொல்லாது. அந்த வழியால் போகிற நாங்கள்தான் அகப்பட்டுக்கொள்வோம்.

அவருடைய சொந்தப் பேர் பள்ளிவாசல் ஆட்களுக்கே மறந்துபோனது. கரை மணலில் படர்ந்து ஊதாப் பூப் பூக்கிற அடம்பன் கொடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதைச் செருப்பால் மிதித்துக்கொண்டு போவோம். அவருக்கோ அது பிள்ளை. அறுந்து கிடக்கிற கொடியைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். மகளின் கலியாணத்திலும் இடுப்பில் கொடியோடுதான் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வாதத்துக்குக் கட்டிய மருந்து என்று நினைத்து, வைத்தியர் யார் என்று விசாரித்தார்கள்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து வந்தவர் அவர். வந்த இடத்தில் மனைவி மௌத்தானார். எங்கள் மையவாடி கடலோரத்தில் இருக்கிறது. அதில் முன்வரிசையில் அடக்கினார்கள். அப்போது கடல் எங்கேயோ தூரத்தில் கிடந்தது. பிறகு பக்கத்து ஹோட்டல்காரர் தன் காணிக்கு முன்னால் பெரிய கற்களைக் கொட்டினார். அங்கே மோதின தண்ணீர் இங்கே திரும்பியது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் வருசா வருசம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு கரை எவ்வளவு உள்ளே வருகிறதென்று கண்ணிருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தோம்? துஆ கேட்டோம். நானா துஆவும் கேட்டார், மையவாடிக்கு முன்னால் கொடியும் நட்டார்.

"வேர் மண்ணைப் புடிச்சுக்கும் தங்கச்சி. நான் புடிச்சா நிக்குமா?" என்பார் என்னிடம்.

நட்டது பெரிதில்லை, காத்ததுதான் கூத்து. ஒருநாள் ஹாஜியாரின் கிடாவைக் கயிற்றில் கட்டிப் பள்ளிவாசல் வாசலுக்கே இழுத்து வந்துவிட்டார். ஹாஜியார் என்றால் மையவாடிக்குப் பொறுப்பானவர்; ஊரில் அவருக்கு எதிரே யாரும் தும்மவும் மாட்டார்கள்.

"என்ட ஆட்ட ஏன்டா கட்டின? கொடியத் தின்னாம அது பாணும் சம்பலுமா தின்னும்?"

"அது தின்றது கொடி இல்ல ஹாஜியார். ஒங்கட வாப்பாட கபுற."

ஹாஜியாரின் தகப்பனும் அந்த மையவாடியில்தான் அடங்கியிருந்தார்; கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து கிடா வீட்டிலேயே கட்டிக் கிடந்தது.

ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, அவர் மணலில் குப்புறக் கிடந்து கொடிக்கு மண் அணைப்பதைப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டுக் காசும் நீட்டினாள். "காசு வேணாம், காலத் தூக்கு!" என்று சுத்தத் தமிழில் கத்தினார். கொடியில் நின்ற அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது, துள்ளி விலகினாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். நோன்பு வருவதற்கு முன்னால் மையவாடியில் ஊர் கூடித் துப்புரவு செய்யச் சிரமதானம் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருசம் நானா கண் காட்டுவதற்காகப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பொடியன்கள் நன்மையை நினைத்து விழுந்து விழுந்து வேலை செய்தார்கள். உள்ளே புல்லைச் செருக்கினார்கள். அது முடிந்தும் கையில் மண்வெட்டி சும்மா இருக்கவில்லை. வேலிக்கு வெளியே கடல் பக்கம் இருந்த அடம்பனை வேரோடு இழுத்துக் குவித்து நெருப்பு வைத்தார்கள். நாங்கள் பெண்கள் பிளேன்டீயும் ரோல்ஸும் அனுப்பினோம். மணல் பெருநாள் சட்டை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஊரே பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னது.

பின்னேரம் நானா கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸால் இறங்கினார். இன்றைக்கு ஏச்சுக் கேட்டு ஊர் இரண்டுபடும் என்று நினைத்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சாம்பலைப் பார்த்தார். "துப்புரவாத்தான் இருக்கு," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சோளகத்தில் முன்வரிசை போய்விட்டது. கபுறுகளின் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் நுரையில் மிதந்ததை நான் கண்டேன். அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

காற்று அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால், மனிசன் இரண்டாம் வரிசைக்கு முன்னால் குந்திக்கொண்டு மறுபடியும் கொடி நடுகிறார்.

"நானா, ஒங்கட பொஞ்சாதிட கபுறுதான் போயிட்டே. இனி யாருக்கு நடுறீங்க?"

"பின்னால ஒங்கட உம்மா படுத்திருக்காங்களே தங்கச்சி. அவங்களுக்காகக் கடலக் கேக்க ஆள் வேணாமா?"

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. கடல் வேலியைத் தின்ற பக்கம் போகாதே என்று யாரும் சொல்ல முடியாதே! மறுநாள் வாளியில் தண்ணீரோடு போனேன். மண்வெட்டி பிடித்த பொடியன்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். "வேர மேல வெச்சு நடுறியே, ஒன்னப் பெத்தாங்களா, வலையில புடிச்சாங்களா?" என்று ஏச்சு பழையபடி தொடங்கியது. எங்களுக்கு மூச்சு வந்தது.

கொடி ஓரளவு பிடித்திருக்கிறது. கடலும் விட்டபாடில்லை. எது வெல்லும் என்று கேட்டால், நான் பொய் சொல்லத் தயாரில்லை.

போன வருசம் நானா மௌத்தானார். மனைவி கிடந்த பக்கமாக வைப்போம் என்றார்கள் சிலர். ஹாஜியார் கேட்கவில்லை. றோட்டுப் பக்கம், கடலுக்கு ஆகத் தூரமான மூலையில், வேப்பமரத்தடியில் தனக்கென்று பார்த்து வைத்திருந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார். தண்ணீர் அங்கே வந்து சேர இன்னும் காலம் எடுக்கும். அதுவரைக்குமாவது அந்த மனிசன் விடியக்காலையில் எழும்பாமல் படுக்கட்டும்.