கேட்டை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்

அன்பும் அடக்கமும் நிறைந்த என் மகளுக்கு (இரண்டும் என் பக்கத்திலிருந்து வந்தவை) அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அதாவது உன் அம்மா நலம், உன் மாமனார் மிக மிக நலம், நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இருக்கும் ஒரே ஒரு வேறு எண்ணத்தைத்தான் கீழே எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்திருக்கிறது, புது ஊரில் கிடைத்த வீடு சின்னது, அதனால் உன் மாமனார் இன்னும் ஒரு வருஷம் நம் வீட்டிலேயே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கூடாது. உடனே வந்து அழைத்துக்கொண்டு போ. அவர் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதுதான் விஷயம். பெற்ற மகளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் வந்த மறுநாளே சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் சொட்டாத குழாய்! உன் அம்மா "என்னங்க" என்று என்னைக் கூப்பிடப் போகிறாள் என்று நான் மூக்குக் கண்ணாடியைக்கூடத் தயாராகக் கழற்றி வைத்தேன். அவள் "அண்ணா, கொஞ்சம் வாங்களேன்" என்றாள். உன் மாமனார் போனார். நான் முன்னறையில் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்காமல் காதை மட்டும் அனுப்பி வைத்தேன். "வாஷர் போயிருக்கும்மா", "ஸ்பேனரா, பைப் ரெஞ்சா?", "இந்தா, டெஃப்லான் டேப்" என்று அவர் குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவராம், நட்டு முதல் நாயனம் வரை எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறார். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, துளி அழுக்கில்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். உன் அம்மாவுக்கு முழங்கை வரை ஈரம், கன்னத்தில் கரி. வேலை செய்கிறவரை இவள் ஏன் அவ்வளவு ஒட்டி நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் "என்னங்க" என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் அண்ணா. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அந்த ஊர்ப் பிடாரி நான்தான்.

அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவனுக்கு நாலு குழாய்ச் சொற்கள் எம்மாத்திரம்? சொல்லைப் பிடித்தால் பொருள் தானே வரும் என்று, கழற்றிப் போட்ட பழைய குழாயைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுக்கு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரை கழண்டிருக்கு சார்" என்றார். "யாருக்கய்யா மரை கழண்டிருக்கு?" என்று சத்தம் போட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாருக்கு என்று அவர்களுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. "குழாய்க்கு சார்" என்றார் கடைக்காரர். அது சின்ன ரவா பெரிய றவா என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவர் அதற்குள் "டீ வேணுமா சார்?" என்றார். கோபத்தைத் தணிக்கப் பார்க்கிறார், பண்பானவர் என்று நினைத்து, "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன். "குடிக்கிற டீ இல்ல சார், மூணு பக்கமும் பைப் போகுமே, அந்த டீ" என்றார்.

அதன்பிறகு நான் வாயை மூடிக்கொண்டு பாடம் கேட்டேன். முழங்கை போல வளைந்தால் எல்போ. இரண்டு பக்கமும் வெளி மரை இருந்தால் நிப்பிள். பெரிய பைப்பைச் சின்னதோடு சேர்த்தால் ரெட்யூசர். யூனியன் என்று ஒன்று. இரண்டு பைப்பைச் சேர்க்கும், வேண்டாமென்றால் அறுக்காமலே பிரித்துவிடலாம். கப்ளிங்கும் சேர்க்கும், ஆனால் பசை போட்டு ஒட்டிவிட்டால் அறுத்தால்தான் உண்டு. உன் கல்யாணத்தில் நாம் போட்டது பசை வைத்த கப்ளிங். மாப்பிள்ளை விஷயத்தில் எனக்கு அதில் மகிழ்ச்சியே. அவர் அப்பா விஷயத்தில் யூனியன் போட்டிருக்கலாம். வரும்போது பெரிய பைப் ரெஞ்ச் ஒன்று வாங்கி வந்தேன்.

இன்று காலை குளியலறை வாஷ்பேசினுக்குப் போகிற பைப்பில் கசிவு. உன் அம்மாவும் உன் மாமனாரும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். (சேர்ந்துதான். கத்தரிக்காய் வாங்கவும் அண்ணாதான்.) இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று களத்தில் இறங்கினேன். கண்மூடித்தனமாக இறங்கவில்லை, முறைப்படி இறங்கினேன். எந்தக் குழாய் வேலைக்கும் முன்னால் உன் மாமனார் "முதல்ல கேட்டை மூடணும்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். திறந்த வீட்டில் வேலை செய்தால் கருவிகளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா, நியாயமான எச்சரிக்கைதான். ஆகவே வாசலுக்குப் போய்த் தெருக் கேட்டை மூடி, தாழ் போட்டு, பூட்டும் பூட்டிவிட்டு வந்து ரெஞ்சைப் போட்டுத் திருப்பினேன். கசிந்த இடம் திரும்பவில்லை. பைப் முழுவதும் திரும்பியது. மேலே இருந்த எல்போ வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. தண்ணீர் முகத்தில் அடித்துக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனது. இரண்டு கையாலும் எல்போவைப் பொத்திக்கொண்டு நான் நிற்கிறேன். வாசலில் மணி அடிக்கிறது. கையை எடுத்தால் வெள்ளம், எடுக்காவிட்டால் அவர்கள் தெருவில். "கேட்டைத் திறங்க" என்று உன் அம்மா அங்கிருந்து கத்துகிறாள், "திறக்கக் கூடாது, வேலை நடக்குது" என்று நான் இங்கிருந்து கத்துகிறேன்.

கடைசியில் நான்தான் போய்த் திறந்தேன். உன் மாமனார் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அடடா, கேட்டை மூடலையா சம்பந்தி?" என்றார். "பூட்டே போட்டிருந்தேன், பார்க்கலையா?" என்றேன். அவர் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டிக்குக் கீழே ஒரு சக்கரத்தைத் திருகினார், தண்ணீர் நின்றது. அதற்குப் பெயர் கேட் வால்வாம். "நீங்க போய்த் தலையைத் துவட்டுங்க" என்று உன் அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நான் துண்டும் தலையுமாக உட்கார்ந்திருக்கிறேன், குளியலறையில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்தச் சிரிப்புக்கு நான்தான் காரணம் என்பது ஆறுதலாக இல்லை.

ஆகவே அவரை அழைத்துக்கொண்டு போ. இந்த வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் என் பெண்டாட்டி என்னைக் கூப்பிட வேண்டும். சரி செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றிப் பல்லாண்டு வாழ இந்த ஈரத்தலையின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, "என்னங்க, கொஞ்சம் வந்து பிடிங்க" என்று குரல் கேட்டது. உன் மாமனார் நடக்கப் போயிருந்தார். நான் போனேன். உன் அம்மா வாஷ்பேசினுக்குக் கீழே புது எல்போவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "நீயா இதெல்லாம் செய்யறே?" என்றேன். "பின்ன யாரு? அண்ணாவுக்குப் பேர் எல்லாம் தெரியும், ஒரு மரை திருப்பத் தெரியாது. கேட்டதை எடுத்துக் குடுப்பாரு, பிடிச்சுக்குவாரு. ஒரு ரெஞ்ச் பிடிக்கணும், இன்னொண்ணு திருப்பணும், ஒத்த ஆளா எப்படிச் செய்யறது?" என்றாள். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன். "கூப்பிட்டேன். இதோ வர்றேன்னீங்க. அப்ப நம்ம பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்தா" என்றாள்.

நான் பிடித்தேன். அவள் திருப்பினாள். ஒரு சொட்டு கசியவில்லை. தலை நிமிர்ந்தால் உன் மாமனார் கதவருகில் நின்று என் கையில் இருந்த ரெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் சுருங்கிக் கிடக்கிறது. "பிடி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு சம்பந்தி" என்றார். அது எந்த இடத்திலிருந்து வருகிற குரல் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஒரு வருஷம் போதாது, இரண்டு வருஷம் இருக்கட்டும். நான் பிடிப்பதைப் பார்த்து வயிறெரிய வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?