மச்சானுக்கு வைத்த வெடி

துப்பாக்கியை அழுத்தினால் சத்தம் வரும் என்று உலகத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது. வராமல் செய்ய ஒரு திறமைசாலி வேண்டும், அவ்வளவுதான். அந்தத் திறமைசாலி நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா காஜா பேராங்கில் பிள்ளை என்பவரின் துப்பாக்கிக் கடையில் வேலை. பேர்தான் பிள்ளை, அவர் மலாக்காச் சிட்டி ஆள், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற தமிழ் வம்சம், தமிழ் கோர்வையாக வராது. எங்களுக்குள் மலாய்தான். துப்பாக்கிக்குக் கட்டை மாற்றுவது, குழலைச் சுத்தம் பண்ணுவது, விசை சரிபார்ப்பது எல்லாம் செய்வோம். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. எங்கும் விலைக்குக் கிடைக்காத தோட்டாவைக் கையால் செய்து கொடுப்போம்.

பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடம் பழைய ரைபிள் ஒன்று இருந்தது. அதற்குரிய தோட்டா செய்வதைச் சீமையில் என்றோ நிறுத்திவிட்டார்கள். துரை ரைபிளை விடுவதாக இல்லை. அதனால் வேறொரு ரைபிளின் பெரிய தோட்டாவை வாங்கி, ஈயக்குண்டைப் பிடுங்கி, மருந்தை வெளியே எடுத்து, பித்தளைக் கூட்டை அறுத்து, அச்சில் கொடுத்துக் கழுத்தை நெரித்து, துரையின் ரைபிளுக்கு ஏற்றபடி ஆக்குவோம். பிறகு மருந்தை அளவாகப் போட்டுச் சின்னக் குண்டை வைத்து மூடுவோம். அந்த மருந்து தூள் கிடையாது. சேமியா மாதிரி குச்சி குச்சியாக இருக்கும். துரையின் தோட்டா எல்லாம் என் கை வேலை. (பன்றி விழுந்தால் என் தோட்டா நல்ல தோட்டா, ஓடிவிட்டால் துரைக்குக் குறி சரியில்லை. ஊரில் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

அதே தோட்டத்தில்தான் என் அக்கா புருஷன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தார். அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்காரன், ரோட்டில் பட்டாளம், இரண்டுக்கும் நடுவில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற மாதம், தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வந்த லோரிக்குக் காவலாகப் போனார். வளைவில் லோரி கவிழ்ந்தது. மச்சான் அடியில் போய்விட்டார்.

அந்த வருஷத் தொடக்கத்தில் அதே தோட்டத்தில் இன்னொரு கான்ஸ்டபிள் சுடப்பட்டுச் செத்திருந்தான். அவனுக்கு ஊதுகுழல் ஊதி, வரிசையாக நின்று துப்பாக்கி சுட்டார்கள். அவன் பெண்டாட்டிக்குத் துணையாக வீட்டில் உட்கார்ந்து என் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். மச்சானுக்கும் அது உண்டா என்று கேட்டோம். "இது வண்டி விபத்து, எதிரி சுடவில்லை, மரியாதை கிடையாது" என்று சொல்லிவிட்டு ஒரு அதிகாரி போனான். (போனார் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.)

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்கு முன்னால், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். புக்கிட் காதிலிலிருந்து மச்சானின் சித்தப்பா வந்திருந்தார். அவர் வாய்க்கு லைசென்ஸ் கிடையாது.

"அவரும் காக்கிச் சட்டையோடதான செத்தாரு" என்றாள் அக்கா. "அவருக்கு மட்டும் ஏன் வெடி இல்ல?"

"லோரி கவுந்து செத்தவனுக்கு எதுக்கும்மா துப்பாக்கி" என்றார் சித்தப்பா. "லோரி ஹோர்ன ரெண்டு தடவ அடிச்சா போதாதா?"

நாலு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அக்கா மடியில் மீனா, கைக்குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெடி வைக்கிறேங்கா" என்றேன். "மூணு வெடி. புக்கிட் காதில்ல இருக்கிறவங்க வீட்டுக் கூரை ஆடும்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. கூலி கொடுக்கிற லட்சணத்தை வைத்துப் பார்த்தால் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அது நம்ம ஆளு" என்றார் அவருடைய தமிழில். "நான் வர்றான். நான் சுடுறான். நீ தோட்டா பண்ணு."

அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் சட்டைப் பையில் ஒரு தோட்டா இருந்தால் தூக்குக் கயிறு. துரையே போலீசுக்குப் போய்ப் பேசினார். குண்டு இல்லாத தோட்டா மூன்றே மூன்று, பக்கத்தில் இரண்டு மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள், நிற்க வேண்டும் என்று அனுமதி கிடைத்தது. ஒன்றைச் சுட்டுப் பார்க்கக்கூட வழி இல்லை.

மறுநாள் காலையில் பிள்ளையிடம் சொன்னேன். அவர் தங்கள் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"குண்டு இல்லாத தோட்டா வேறு மாதிரி" என்றார். "மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. ஜாஙான் பண்டாய்-பண்டாய்." (ரொம்பப் புத்திசாலித்தனம் காட்டாதே என்று அர்த்தம். என்னிடம் தினமும் சொல்வார்.)

நான் கூப்பிடவில்லை. என் மச்சான், என் அக்கா, என் கை. அடுத்தவன் எதற்கு? வழக்கம்போலக் கூட்டை அறுத்தேன், கழுத்தை நெரித்தேன். சேமியாவை வழக்கத்தைவிட நாலு குச்சி கூடுதலாகத் திணித்தேன். குண்டுக்குப் பதிலாகப் பஞ்சு வைத்து, மேலே மெழுகு ஊற்றினேன். பித்தளையைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். தாலிக்கொடி மாதிரி இருந்தன மூன்றும்.

சாயங்காலம் உடலை எடுத்தோம். அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள். ஊர்வலம் நின்றுவிட்டது.

"பொம்பளைங்க இடுகாட்டுக்கு வரக் கூடாது, வீட்டுக்குப் போம்மா" என்றார் சித்தப்பா.

"நான் சத்தத்தக் கேக்கணும்."

"வீட்டுலேர்ந்தே கேக்கும்மா. உன் தம்பிதான் கூர ஆடும்னு சொன்னானே."

"கிட்டக்க நின்னு கேக்கணும்" என்றாள். நடந்துகொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் எல்லோரும் நடந்தோம்.

இடுகாட்டில் துரை கறுப்பு டை கட்டிக்கொண்டு ரைபிளோடு நின்றார். இரண்டு மாத்தாக்களும் இருந்தார்கள். கல்யாணத்திலிருந்து பிள்ளையும் வந்து ஓரமாக நின்றார், தலையில் விசேஷத் துணி கட்டியபடியே. தப்பு அடிக்கிறவர்கள் உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடையை இறக்கியதும் நான் கையை உயர்த்தினேன்.

"தப்ப நிறுத்துங்க. இனிமே இங்க ஒரே சத்தந்தான்."

நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த ஒரே நல்ல சத்தத்தை நிறுத்தியவன் நான்தான்.

"எல்லாரும் காதப் பொத்திக்கிங்க. பிள்ளைங்க காத நல்லாப் பொத்துங்க."

பொத்திக்கொண்டார்கள். ஒரு மாத்தா, ரைபிளை நன்றாகத் தெரிந்தவர்போல, இரண்டு விரலையும் காதில் விட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார். அக்கா தன் காதைப் பொத்தவில்லை. குழந்தையின் காதுகளை மட்டும் பொத்திக்கொண்டு குழியைப் பார்த்து நின்றாள். துரை தொப்பியைக் கழற்றி, ரைபிளை வானத்துக்கு உயர்த்தி அழுத்தினார்.

புஸ்.

மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தால் வருமே, அந்தச் சத்தம். குழலிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. அதோடு பாதி வெந்த சேமியா பறந்து வந்து துரையின் நரைத்த தலையிலும் மச்சானின் மாலையிலும் விழுந்தது.

யாரும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. வெடி இனிமேல்தான் வரப்போகிறது என்று நின்றார்கள். துரை இரண்டாவதைப் போட்டு அழுத்தினார். அது முதலாவதைவிட மெதுவாக, யாரோ மூக்கைச் சிந்தியதுபோல வந்தது.

"தம்பி, இது என்னா?" என்றார் துரை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

பிள்ளை தலைத்துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். கண்ணை மூடியிருந்த மாத்தா இன்னும் காதில் விரலோடு நின்றார்.

"ஹோர்னாவது சத்தமா இருந்திருக்கும்" என்றார் சித்தப்பா.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவனையாவது அடித்திருப்பேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா குழந்தையின் காதிலிருந்து கையை எடுத்தாள். அது தூங்கிக்கொண்டேதான் இருந்தது.

"அவ்வளவுதானாடா?" என்றாள்.

மூன்றாவது தோட்டா துரையின் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா தப்புக்காரர்கள் பக்கம் திரும்பி, "அடிங்கப்பா" என்றாள். அடித்தார்கள். மண் தள்ளினோம்.

தோட்டா மருந்து தானாக வெடிக்காது. அதன் முன்னால் குண்டு அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தள்ள முடியாமல் முட்டி மோதினால்தான் மருந்து முழுதாக எரிந்து வெடிக்கும். பஞ்சையும் மெழுகையும் வைத்தால் சும்மா ஊதித் தள்ளிவிட்டுப் போய்விடும். குண்டில்லாத தோட்டாவுக்கு வேறு பொடி மருந்து இருக்கிறது. அது எங்கள் கடை அலமாரியில், நான் உட்கார்ந்து சேமியா திணித்த இடத்துக்கு நேர் மேலே, டின்னில் இருந்தது. பிள்ளை மறுநாள் அதை எடுத்து என் முன்னால் வைத்தார். திட்டக்கூட இல்லை.

அந்த மாதக் கடைசியில் மெர்டேக்கா வந்தது. சாயங்காலத்திலிருந்தே ஊரெல்லாம் வெடி. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் மீனா வீல் என்று அழுதது.

"இப்பப் போடறானுங்க பாரு" என்றாள் அக்கா, ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே. என்னைச் சொன்னாளா, சுதந்திரத்தைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காட்டுவதற்காக உதைத்தேன். அக்கா வாசலில் வந்து நின்று, முகத்தில் ஒன்றும் காட்டாமல், இரண்டு விரலையும் காதில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பவில்லை. அந்த வெடியை நினைத்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதிலிருந்து குடும்பத்துக்கே வழக்கமாகிவிட்டது. நான் ஆணி அடிக்கப் போனால் காதில் விரல். கோயில் கூட்டத்தில் பேச எழுந்தால் முன்வரிசையில் மீனா, காதில் விரல். என் கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமாகக் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண் வீட்டார் பயந்தே போனார்கள்.

போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தாள். இப்போது பெண்கள் இடுகாட்டுக்கு வந்தால் யாரும் தடுப்பதில்லை. மீனா வந்தாள், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மச்சானுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. உடலை இறக்கும்போது தப்பை நிறுத்தினார்கள். யாரும் சொல்லவில்லை, இப்போதெல்லாம் வழக்கமாக நிறுத்துவதுதான். ஒரு சத்தமும் இல்லை. மீனா குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். மெதுவாக இரண்டு விரலையும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

நான் தப்புக்காரர்கள் பக்கம் திரும்பினேன்.

"எவண்டா நிறுத்தச் சொன்னது? அடிங்கடா."

நான் போட்ட கத்தலில், குழி வெட்டியவன் கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது.