டப்பா அண்ணாச்சி திறந்துவிட்ட நண்டுகள்

மும்பை மாநகரத்தில் நண்டுகளை நம்பிய ஒரே மனிதர் டப்பா அண்ணாச்சிதான். மனிதர்களில் அவர் யாரையும் நம்பியதில்லை. பால்காரர், பாதிரியார், டாக்டர், பஸ் கண்டக்டர், பக்கத்து ரூம்காரனான நான், எல்லோரும் அவருக்குச் சந்தேகத்துக்கு உரியவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலில் விடுவார். இன்னொன்றை மஞ்சள் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜெபத்துக்கு உட்காருவார்.

"ஒத்தச் செருப்ப எவம்லே களவாங்குவான்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஜெபத்தில் மனம் நிற்காது.

நாங்கள் இருந்த கட்டடம் செம்பூரின் கடைக்கோடியில் இருந்தது. தாராவியில் குடிசை இடிபட்டவர்களுக்கு ஆளுக்கொரு ரூம் கொடுத்த கட்டடம். ஏழு மாடி. லிப்ட் உண்டு, அதற்குள் நாய் குட்டி போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிகள். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். பட்டறை போய், குடிசை போய், இங்கே ஏழாவது மாடிக்கு வந்த சில வருஷத்தில் மனைவியும் இருமி இருமிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"காத்தோட்டமான எடம்னு சொன்னாம்லா வே" என்பார். "எந்த மாதிரிக் காத்துன்னு நான் கேக்கல. அது என் தப்பு."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

கட்டடத்துக்குப் பின்னால் உப்பங்கழி. மும்பையில் அதைக் காடி என்பார்கள். கரை நெடுக அலையாத்தி மரங்கள், வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே தலைமுறையாக மீன் பிடித்த கோளிக் குடும்பத்துப் பெண் மங்களா. எங்கள் எல்லோருக்கும் மங்களா மௌஷி, அதாவது சித்தி. வீட்டுக்காரர் இருந்தவரை அந்தக் கழியில் வலை போட்டுத்தான் பிழைத்தார்கள். பிறகு வலையில் மீனைவிட பிளாஸ்டிக் பை அதிகம் ஏறியது. மீனும் போனது, வீட்டுக்காரரும் போனார். ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று மௌஷிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு அரசாங்கத் திட்டம் வந்தது. அலையாத்திக் காட்டை வெட்டாமல் அதன் நடுவிலேயே மீனும் நண்டும் வளர்க்கலாம், கரையோர மக்கள் குழுவாகச் சேர்ந்தால் நண்டும் சாமான்களும் இலவசம் என்றார்கள். முதல் வளர்ப்புக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டாத குழுவிடமிருந்து இடத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். மௌஷி தன் தெருப் பெண்களைச் சேர்த்துக் குழு அமைத்தார். தாராவித் தமிழர்களோடு பழகிய மௌஷிக்கு எங்கள் பாஷை ஓரளவு வரும். "நான் தண்ணில பொறந்த ஆளு. தரை தொடைக்க நை ஜாயேகா" என்றார், போக மாட்டேன் என்று. பேச்சு அத்தோடு முடிந்தது.

காவலுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. செம்பூரிலேயே அதிக சந்தேகம் பிடித்த மனிதர் யார் என்று மௌஷி விசாரித்திருக்கிறார். எல்லோரும் ஏழாவது மாடியைக் கை காட்டியிருக்கிறார்கள்.

சேற்று நண்டுகளை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் துளை போட்ட கறுப்பு டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, வரிசையாகக் கட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அண்ணாச்சிக்கு டப்பா என்ற பட்டம் வந்தது இப்படித்தான். ஒவ்வொரு மூடியையும் அவர் கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தார்.

"நண்டு தப்பிச்சிரும்னா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நண்டு ஏன் தப்பிக்கப் போவுது? மனுசப் பய கை வைக்கக் கூடாது. நண்டு யோக்கியமான பிராணி வே. கடிப்பேன்னு கொடுக்க விரிச்சுக் காட்டிட்டுத்தான் கடிக்கும். மனுசன் அப்படியா?"

நண்டுக்குத் தீனி மீன் கழிவு. அதை வாங்க அண்ணாச்சி ரயிலில் வடாலா வரை போவார். திரும்பும்போது வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அடுத்த ஸ்டேஷனில் எதிர் சீட் காலி. அதற்கடுத்த ஸ்டேஷனில் பாதிப் பெட்டி காலி. மும்பை லோக்கல் ரயிலில் மாலை நேரத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்த ஒரே பிரயாணி அவர்தான். இறங்கும்போது தொங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து, "உள்ள எடம் கெடக்கே, ஏன் தொங்குதீங்க?" என்று வருத்தத்தோடு கேட்பார்.

ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொல நடந்துபோச்சு தம்பி" என்றார். சட்டையைக்கூட மாட்டாமல் எழுந்தேன். கீழே அழைத்துப் போய் ஒரு டப்பாவைக் காட்டினார். உள்ளே ஒரு நண்டு கூடாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நண்டு, மெத்தென்று, ஒன்றும் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஒரு டப்பாவுல ரெண்டு நண்டு. எவனோ வெளிய உள்ள கொலகாரப் பயல உள்ள விட்டுருக்கான். எனக்கு அந்த மூணாம் மாடிக்காரன் மேலதான் சந்தேகம்."

மௌஷி எட்டிப் பார்த்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். நண்டு வளரும்போது பழைய ஓட்டைச் சட்டை மாதிரிக் கழற்றிப் போடும் என்று விளக்கினார். செத்ததும் அதுதான், கொன்றதும் அதுதான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "கழட்டும்போது பாத்த சாட்சி உண்டா?" என்றார். அந்த நண்டோடு அவர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓடு இறுகி, சதை நிறைந்து, அந்த அமாவாசைக்கு வியாபாரி வருவதாக இருந்தது. விலை பேசி முடிக்க மௌஷி வாஷிக்குப் போயிருந்தார். எனக்கு அன்று லீவு. கயிறு பிடிக்க வா என்று அண்ணாச்சி என்னைக் கூட்டிப் போயிருந்தார்.

முதலில் வாடை வந்தது. அப்புறம் கடல் ஏற்றத்தோடு தண்ணீர் கறுப்பாக வந்தது, மேலே எண்ணெய்ப் பளபளப்பு. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு குழு வலைக்கூண்டில் கொடுவா மீன் வளர்த்துக்கொண்டிருந்தது. அந்த மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு வரிசையாக மிதந்து வந்தன. மௌஷிக்குப் போன் போட்டேன். ரயில் இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ, எடுக்கவில்லை.

அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். குறடு வைத்து முதல் டப்பாவின் கம்பியை வெட்டினார்.

"என்ன செய்றீங்க அண்ணாச்சி? வியாபாரி வரப் போறான்."

"செத்த நண்ட வாங்குவானா? உள்ள கெடந்தா ஓட வழியில்ல வே. தொறந்து விட்டா சேத்துல ஏறி மரத்து வேருக்குப் போயிரும். அதுக்குப் புத்தி இருக்கு. வா, நீயும் வெட்டு."

வெட்டினேன். டப்பா டப்பாவாகத் திறந்து, கரைப் பக்கமாகச் சரித்துவிட்டோம். நண்டுகள் நன்றியெல்லாம் காட்டவில்லை. அவர் கையைக் கிழித்துவிட்டுத்தான் போயின. "போ, மேல ஏறு. தண்ணிப் பக்கம் திரும்பாத" என்று ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே இருந்தார். கொலைகார நண்டு என்று முகம் கொடுக்காமல் இருந்தாரே, அதையும் அப்படித்தான் ஏற்றி அனுப்பினார். எனக்குக் கண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீரின் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

மௌஷி வந்து காலி டப்பாக்களைப் பார்த்தார். கரையில் செத்துக் கிடந்த மீன்களைப் பார்த்தார். ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், "டீக் கியா அண்ணா" என்றார். சரிதான் செய்தாய் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

விஷயம் அடுத்த வாரம்தான் விபரீதமானது. திட்டத்து அதிகாரி நஷ்டத்தைப் பார்க்க வந்தார். மற்றக் குழுக்காரர்கள் செத்த மீனையும் நண்டையும் குவித்து வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்தார், புதிதாக மீன்குஞ்சும் நண்டும் தருவதாகச் சொன்னார். எங்களிடம் காட்ட ஒரு பிணம்கூட இல்லை. உயிரோடு இருந்ததுதான் எங்கள் நண்டுகள் செய்த குற்றம்.

மௌஷி நடந்ததை அப்படியே சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் விற்பனைக்குத் தயாரான நண்டை மும்பையில் ஒருவன் சும்மா திறந்துவிட்டான் என்றால் யார்தான் நம்புவார்கள்? குழுவே சேர்ந்து ரகசியமாக விற்றுவிட்டது, இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள எழுதப் போகிறேன் என்றார். மௌஷி பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். "சாஹேப், மைனே பேச்சா" என்றார் தன் தாராவி ஹிந்தியில். நான்தான் விற்றேன், இந்தப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, மௌஷி வெளியே போயிருந்த நேரத்தில் விற்றேன் என்றார்.

"யாரிடம் விற்றாய்?"

"தாணேக்காரன். பேர் கேட்கவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்."

மௌஷி வாயைத் திறந்தார். அண்ணாச்சி திரும்பாமலே, அதிகாரிக்குப் புரியாத தமிழில், "பேசாம நில்லு மௌஷி. தரை தொடைக்கப் போகணுமா?" என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் இருவரும் நின்றோம். மௌஷியின் கண்ணிலிருந்து வழிந்ததை, ஏமாந்த பெண்ணின் அழுகை என்று அதிகாரி எடுத்துக்கொண்டார்.

குழுவுக்கு இடம் நிலைத்தது. அண்ணாச்சி கரையில் கால் வைக்கக் கூடாது என்று ஆனது. கட்டடம் முழுக்கச் செய்தி பரவியது. அவர் படி ஏறும் சத்தம் கேட்டால் வாசலில் கிடக்கும் செருப்புகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். மூணாம் மாடிக்காரர் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார்.

"ஏன் அண்ணாச்சி இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மௌஷி நெசத்தச் சொன்னா, நம்பல. நான் பொய்யச் சொன்னேன், ஒடனே நம்பிட்டான். இதுக்குத்தாம்லே மனுசன நம்பக் கூடாதுங்கது."

கொஞ்ச நாளில் அம்பர்நாத்தில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேதான் போன மழைக்காலத்தில் காலமானார். மௌஷியும் குழுப் பெண்களும் ரயில் மாறி மாறி வந்து இறங்கினார்கள். நனைந்த ஒன்பது கஜப் புடவைகளில் கல்லறைத் தோட்ட வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்து, யார் நீங்கள் என்று மருமகன் கேட்டார். "ஆம்சா மாணூஸ்" என்றார் மௌஷி. எங்கள் ஆள்.

திட்டக் காலம் முடிந்து குழு இப்போது சொந்தக் காலில் நிற்கிறது. இனி எழுதலாம் என்று மௌஷியே சொன்னதால்தான் எழுதுகிறேன். அடக்கம் நடந்த அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு மௌஷி மண்மேட்டருகே குனிந்து, "நண்டெல்லாம் நல்லா கொழுத்திருக்கு அண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உயிரோடு இருக்கும்போது அவரிடமே சொல்லியிருப்பேன், எதுக்குவே சொல்லுத என்று சந்தேகப்பட்டிருப்பார்.