மூன்றாம் பகுதி, ஆறாவது பார்

"அது மைனர் கார்டுதான் மச்சான். இருபது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன்" என்றார் பியானோ வாத்தியார்.

"இருபது வருஷமா தப்பா சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றார் மச்சான், பேஸ் வாத்தியத்தின் கம்பியைத் துடைத்தபடி.

நடுவில் மைக் முன்னால் நின்றவள் வாத்தியாரின் மனைவி, மச்சானின் தங்கை. அவள் பாடும் முதல் ரெக்கார்டு இது. ஸ்டுடியோ ஆறு மணி வரைதான். இப்போதே நாலரை.

பழைய ஜாஸ் பாட்டு. எட்டெட்டு பாராக, அதாவது தாளக் கட்டமாக, நாலு பகுதி. ஒன்று, இரண்டு, நாலுக்கு ஒரே மெட்டு, வம்பில்லை. மூன்றாவதுதான் வேறு பக்கம் சுற்றிவிட்டு வரும். அதன் ஆறாவது பாரில் வாத்தியார் சோகமாக மைனர் கார்டை, அந்தச் சுரக்கூட்டை, அழுத்துவார், மச்சான் குஷியாக மேஜருக்குப் போவார். பாவம், அவள் தொண்டை எந்தப் பக்கம் சாயும்?

"இந்தப் பாட்டு முதன்முதலா வந்த ரெக்கார்டைக் கேளுங்க." வாத்தியார் போட்டுக் காட்டினார். மைனர்தான். "பிரிவோட வலி முழுக்க அந்த ஒரு கார்டுல இருக்கு. அதுல பியானோ வாசிச்ச பெரியவர் உருகியிருக்கார்."

மச்சான் இரண்டாவது ரெக்கார்டைப் போட்டார். மேஜர். மூன்றாவது ரெக்கார்டில் பியானோக்காரர் அந்த இடத்தில் வாசிக்கவே இல்லை. நாலாவதில் முதல் தடவை மைனர், மறுதடவை மேஜர். சமாதானம் செய்ய வந்த டிரம்காரர் புதிதாக ஒரு கார்டைச் சொல்லி, இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மணி ஐந்தே கால். மச்சான் பேஸை உறைக்குள் போட ஆரம்பித்தார்.

"அண்ணா, நீ போயிட்டா நான் எதை வச்சுப் பாடுறது?" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, ஏதாவது செய்யுங்க."

வாத்தியார் டைரியைப் புரட்டினார். முதல் ரெக்கார்டில் வாசித்த அந்தப் பெரியவரின் நம்பர் அதில் இருந்தது. இத்தனை வருஷமாகப் பேசத் துணிந்ததில்லை. "அவர் வாயால சொன்னா ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்" என்றார் மச்சான்.

எல்லாரும் கேட்கட்டும் என்று வாத்தியார் ஸ்பீக்கரைப் போட்டார். எடுத்தது பெரியவரின் மனைவி. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காதாம், எதுவானாலும் தன்னிடமே கேட்கலாமாம். வாத்தியார் பணிவாகக் கேட்டார்.

"அந்த இடமா? மறக்குமா தம்பி, பக்கத்துல உட்கார்ந்து தாள் திருப்பினதே நான்தானே. அடுப்பை அணைக்காம வந்தது திடீர்னு ஞாபகம் வந்து, அவரை முழங்கையால ஒரு இடி இடிச்சேன், அவர் கை வழுக்கிப் பக்கத்துக் கட்டையில விழுந்துடுச்சு."