நுளம்பு வலைக்குள் தாய்மாமன்

ஒரு விஷயத்தில் நிபுணன் என்று பெயர் வாங்கியவன் அதே விஷயத்தில் குப்புற விழுவதைப் பார்ப்பதில் சொந்தக்காரர்களுக்கு ஒரு திருப்தி இருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில்கூட அது கிடைப்பதில்லை. என் சொந்தக்காரர்களுக்கு நான் இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன்.

சில வருடங்கள் நான் ஸாம்பியாவில் ஒரு மலேரியா ஆய்வுத் திட்டத்தில் கள மேற்பார்வையாளராக இருந்தேன். கிராமத்து வீடுகளின் உட்சுவர்களுக்கு மருந்து அடிப்போம், நுளம்பு வலை கொடுப்போம். அப்படியும் மலேரியா ஏன் நிற்கவில்லை என்று தேடுவோம். ஒரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஜனங்கள் வெளியே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதைத்தார்கள். வலைக்குள் போய்ப் படுப்பதற்கு முன்பே நுளம்பு தன் சாப்பாட்டை முடித்துக்கொண்டது. யார் எங்கே உட்காருகிறார்கள், எப்போது உள்ளே போகிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒழுங்காக எழுதினேன். (கோடு போட்டு, இரண்டு நிறப் பேனாவில்.)

அக்கா மகள் கீர்த்தனாவின் கல்யாணத்துக்காகச் சொந்த ஊரான அலுவிகாரைக்கு வந்தேன். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வராமல் பெண் மணவறை ஏறுவதில்லை.

வந்த நாளிலிருந்து நான் வாயை மூடவில்லை. பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினேன், தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தேன். சமையற்காரரை நிறுத்தி வைத்து, டெங்கு நுளம்பு வேறு, மலேரியா நுளம்பு வேறு என்று விளக்கினேன். அவர் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார். (வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.)

நலங்கு அன்று எனக்குக் குளிரத் தொடங்கியது. என் கை ஆடிய ஆட்டத்தில் மஞ்சள் கீர்த்தனாவின் கண்ணுக்குள் போனது.

"தம்பி, ஒடம்பு கொதிக்குதேடா," என்றாள் அக்கா.

"ஒன்னுமில்லக்கா, தண்ணி மாறினதுதான். காய்ச்சலப் பத்தி எனக்கேவா சொல்லித் தாறீங்க?"

"சொல்லித் தரல. ஒன் பல்லு அடிக்கிற சத்தம் மேளத்துக்கு மேல கேக்குது."

அத்தான் என்னைப் போர்வையோடு சுருட்டி த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இளம் டாக்டர் டெங்கு என்று நினைத்து எழுதத் தொடங்கினார். நான் பெருமையாக, "ஸாம்பியாவில இருந்து வந்தேன்," என்றேன். பேனா நின்றது. விரலில் குத்தி எடுத்த ரத்தம் மைக்ரஸ்கோப்புக்குப் போனது. மலேரியா.

நம் நாட்டில் மலேரியாவை ஒழித்துவிட்டார்கள். என்னைப் போல யாராவது வெளியிலிருந்து சுமந்து வந்தால்தான் உண்டு. அங்கிருந்த இளம் டாக்டர்களில் யாரும் அதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே பார்த்ததில்லை. எனவே பெண் பார்க்க வருவதுபோல வரிசையில் வந்தார்கள். "சார், இன்னொரு சொட்டு எடுக்கலாமா? ஒங்க கிருமி ரொம்பத் தெளிவா இருக்கு." இத்தனை பேர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

பிறகு பூச்சியியல் பகுதி அதிகாரி வந்தார். என் மகள் வயதுப் பெண். கட்டிலருகே அத்தானும் இருந்தார்.

"நுளம்பு வலை பாவிச்சீங்களா சார்?"

"எப்படிக் கட்டணும்னு ஊருக்கே காட்டிக் குடுத்தவன் நான்."

"தடுப்பு மாத்திரை?"

"அது புதுசா வாறவங்களுக்கு மிஸ். நாங்க பழைய ஆக்கள்."

"பொழுது பட்ட பிறகு எங்க இருப்பீங்க?"

"வெளியில, மாமரத்துக்குக் கீழ, கதிரை போட்டு. எழுத்து வேலை இருக்கும்ல?"

"என்ன எழுத்து வேலை?"

"ஊர்ச் சனம் அந்த நேரத்தில வெளியில ஒக்காந்து கடி வாங்குதுன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அந்தப் பெண் நாகரிகமானவர், தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் நாகரிகமானவர் அல்ல. வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைதான். சுகாதாரக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அறை அறையாக மருந்தும் அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கலேவெலயிலிருந்து வந்திறங்க, சம்பந்தியம்மாவின் விரலும் தப்பவில்லை. அக்கா அழுதுகொண்டே போன் எடுத்தாள்.

"மாப்பிள்ள வீட்டில கல்யாணத்தத் தள்ளிப் போடச் சொல்றாங்கடா. இல்லாட்டி நீ மண்டபத்துப் பக்கமே வரக் கூடாதாம்."

கீர்த்தனா போனைப் பிடுங்கினாள். "மாமா வராம நான் மணவறை ஏற மாட்டேன். அத அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்குக் குளிர் விட்டு வியர்த்தது. அது மருந்தால் மட்டும் வந்த வியர்வை அல்ல. என் மாமரத்தடி எழுத்தினால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது.

பூச்சியியல் பெண்மணி போய்ச் சம்பந்தியம்மாவிடம் பேசினார். ஆள்விட்டு ஆள் தொற்றாது, நுளம்பு வழியாகத்தான் போகும், கிருமி போன பிறகே விடுவார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் ரத்தம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. முகூர்த்தத்துக்குப் போய்வர டாக்டர் விட்டார். பலாபத்வல மண்டபத்தில் முதல் வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதற்கு மேலே, மின்விசிறிக் கொக்கியிலிருந்து, நீல நிற நுளம்பு வலை ஒன்று தொங்கியது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் சம்பந்தியம்மா. "ஒரு நொளம்பு ஒங்களக் கடிச்சிட்டு எங்க புள்ளையக் கடிச்சா?"

"மலேரியா நொளம்பு காலையில இப்படி வந்து கடிக்காதுங்க. அதோட என் ரத்தத்தில இப்ப..."

"அப்படியா? நல்லது. உள்ளுக்கு ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் வலையைத் தொட்டு, "சாமியா?" என்று கேட்டார்.

ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். நான் எழுந்து வலையின் விளிம்பைத் தேடினேன். மருந்துக் களைப்பு வேறு, வழி தெரியவில்லை. தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி சுற்றினேன். சிரிப்புச் சத்தம் ஏறியது. அப்போது கீர்த்தனா, கூறைச் சேலையும் நகையுமாக, தானே வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"இங்கயே போடுங்க மாமா. வெளியில ஒரே சத்தம்."

மாலையைப் போட்டேன். கை ஆடவில்லை. அவள் கையைப் பிடித்து வெளியே வந்து மணவறை வரை கூட்டிப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பிறகு நானே திரும்பிப் போய் வலைக்குள் உட்கார்ந்தேன்.

போட்டோக்காரர் அதை விடுவாரா? வலைக்குள் நாங்கள் இருவரும் நிற்கும் படம்தான் அல்பத்தில் முதல் பக்கம். கலேவெலயில் சம்பந்தியம்மா வீட்டு ஹோலிலும் அது பெரிதாகத் தொங்குகிறது. "பொண்ணோட தாய்மாமன், பெரிய நொளம்பு டாக்டர்" என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறாராம். இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது, "மாமா, வல கட்டட்டுமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

"கட்டுங்க," என்கிறேன். கேலிக்குச் சொல்லவில்லை. வலைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை. இந்த வயதில் அது பெரிய விஷயம்.